அருகிருத்தல்

(கரடியூர்க் கோயில் திருவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



கொடியேறிய ஊரில் மங்கலச் சொற்களே ஒலிக்க வேண்டும் என்பது மரபு. ஆதலின் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சாகும் தறுவாயில் இருப்பவரிடம் உற்றார் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே அப்பொருள். நாம் வழிபடும் பெருமான் ஈமக்காட்டை ஆடரங்காகக் கொண்டவன்; பிறர் தீண்ட அஞ்சும் சாம்பலை மேனியெங்கும் பூசிக்கொண்டவன். அவன் சந்நிதியில் இறப்பைப் பற்றிப் பேசக் கூசினால் வேறெங்கே பேசுவது?

இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஊர்தோறும் சென்று பேசிவரும் எமக்கு ஒரு வினா பழகிப் போய்விட்டது. சொற்பொழிவு முடிந்து மேடையை விட்டு இறங்கியதும், திருநீறு பெற வருவோருள் ஒருவரேனும் தாழ்ந்த குரலில் அதனைக் கேட்பார். "ஐயா, அப்பாவுக்கு இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும், என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லுகின்றார். முன்னது மருத்துவமனையில் கேட்டு வந்த சொல். பின்னது அவருடைய அன்பிலிருந்து எழுந்த சொல். பின்னதே மெய். நோயைத் தீர்க்க வழி இல்லாமற் போகலாம்; நோயாளிக்குச் செய்ய வேண்டியவை அப்பொழுதும் மிகப் பல உள்ளன.

இந்த மலையில் அவ்வினா இன்னும் கனமானது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறி வர இருபது கொண்டையூசி வளைவுகள். அதற்கப்பால் காப்பித் தோட்டங்களின் ஊடே நம் கரடியூர். சாலை இல்லாத காலத்தில் நோயாளியை டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கியவர்கள் மலையூர்களில் உண்டு. ஆகவே சுமப்பது இந்த மலை மக்களுக்குப் புதிதன்று. கீழே கொண்டுசென்றவரைத் திரும்ப மேலே கொண்டுவந்து உள்ளறையில் கிடத்திய பின் செய்ய வேண்டியது யாது என்பதே கேள்வி.

சித்தாந்தம் இறப்பை எங்ஙனம் நோக்குகிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். இறைவனுடைய ஐந்தொழில்களுள் அழித்தல் ஒன்று. அச்சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டா. பிறந்து பிறந்து அலுத்த உயிர்க்குச் சற்றே இளைப்பாறுதல் தருவதையே அழித்தல் என்று நம் ஆசிரியர்கள் விளக்கினர். காலை முதல் காப்பிப் பழம் பறித்த பெண் மாலையில் கூடையை இறக்கி வைத்துத் திண்ணையில் சாய்கின்றாள். அவளை யாரேனும் "அழிந்தாள்" என்பாரா? அவள் உறங்கும்போது நாம் விளக்கைத் தணிக்கின்றோம், பேச்சைக் குறைக்கின்றோம், அழுகின்ற குழந்தையை அப்பால் தூக்கிச் செல்கின்றோம். பெரிய இளைப்பாறுதலுக்குப் போகின்றவரிடம் மட்டும் ஏன் இதற்கு எதிர்மாறாக நடந்துகொள்கின்றோம்?

இது கொள்கை. கொள்கையை மட்டும் துணைகொண்டு பெற்ற தாயின் கட்டிலருகே போய் நின்றால் கால் நடுங்கும். ஆதலின் ஒருவர் நடந்து காட்டியதைப் பார்ப்போம்.

திருச்சுழியில் பிறந்து, 1896ஆம் ஆண்டு மதுரையை விட்டு அண்ணாமலைக்கு வந்து சேர்ந்த ரமண மகரிஷியை நீங்கள் அறிவீர்கள். அவருடைய அன்னையார் அழகம்மையார். வீட்டைத் துறந்த மகனைத் தேடி 1898ஆம் ஆண்டு பவழக்குன்றுக்கு வந்து, திரும்பி வருமாறு அழுது வேண்டினார். மகன் வாய் திறக்கவில்லை. அவரவர் வினைப்படியே யாவும் நடக்கும் என்ற கருத்தை எழுதிக் காட்டியதோடு சரி. பெற்றவள் கண்ணீருக்கு இரங்காதவர் என்று இதைச் சொல்லிக் குறை கூறுவாரும் உளர். அவர்கள் வரலாற்றைப் பாதியில் மூடி வைத்தவர்கள் என்பது எம் கருத்து.

1914ஆம் ஆண்டு அவ்வன்னையார் திருப்பதி யாத்திரை முடித்துத் திரும்புகையில் அண்ணாமலையில் தங்கினார். கடுமையான சுரத்தில் விழுந்தார். டைபாய்டு போன்ற சுரம். அக்காலத்தில் அதற்கு உறுதியான மருந்து இல்லை. மகனே உடனிருந்து பணிவிடை செய்தார். தாயின் நோய் நீங்க வேண்டுமென அருணாசலப் பெருமானை விளித்துத் தமிழில் பாடல்களும் இயற்றினார். அன்னையார் பிழைத்து எழுந்தார். 1916ஆம் ஆண்டு மகனோடேயே வாழ்வதற்கு மலைக்கு வந்துவிட்டார். முதலில் விரூபாட்ச குகையிலும் பின்னர் கந்தாசிரமத்திலும் அவர் இருந்தார். அடியார்களுக்குச் சமைத்துப் போட்டார்.

1922ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் வந்தது. அன்று காலை முதலே அன்னையாருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மகரிஷி அருகில் அமர்ந்தார். வலக்கையைத் தாயின் நெஞ்சின்மேலும் இடக்கையைத் தலையின்மேலும் வைத்தார். சுற்றிலும் சிலர் வேதம் ஓதினர். சிலர் இராம நாமம் சொல்லினர். இரவு ஏறத்தாழ எட்டு மணிக்கு உயிர் அடங்கும் வரை அவர் அவ்விடத்தை விட்டு அகலவில்லை, உண்ணவும் இல்லை.

இதில் யாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பது ஒன்று. 1914இல் தாய் பிழைக்க வேண்டும் என்று பாடிய அதே மகன் 1922இல் அங்ஙனம் பாடவில்லை. அன்பு குறைந்துவிட்டதோ? இல்லை. காலம் வேறு என்று உணர்ந்தார். நோயோடு போராட வேண்டிய காலமும் உண்டு. நோயாளியோடு அமர்ந்திருக்க வேண்டிய காலமும் உண்டு. முதற்காலத்தில் கைகட்டி இருப்பது பிழை. இரண்டாம் காலத்தில் ஓடிக்கொண்டே இருப்பதும் பிழை. நம் இல்லங்களில் நேரும் துன்பங்களில் பெரும்பகுதி இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாமையால் வருவது.

பழனிசுவாமி என்ற தொண்டர் ஒருவர் மகரிஷிக்குப் பல்லாண்டு பணி செய்தவர். அன்னையாருக்கு முன்னரே அவர் இறந்தார். அவருக்கும் மகரிஷி இவ்வாறே கை வைத்தார் என்றும், எல்லாம் அடங்கிற்று என்று கருதிக் கையை எடுத்த அளவில் கண்கள் திறந்து உயிர் அவ்வழியே சென்றது என்றும் மகரிஷியே பின்னர் சொன்னதாக அடியார்கள் எழுதி வைத்துள்ளனர். அதனால் அன்னையாரிடத்தில், மூச்சு நின்ற பின்னரும் சிறிது நேரம் அவர் கையை எடுக்கவில்லை. இதன் உட்பொருளை ஆராயும் தகுதி நம்மில் பலர்க்கு இல்லை. வெளிப்பொருள் நம் எல்லார்க்கும் எட்டும். காலை முதல் இரவு வரை ஒருவர் அருகில் இருந்தார், தொட்டுக்கொண்டிருந்தார், எழுந்து போக அவசரப்படவில்லை.

பின்னர் மகரிஷி எழுந்தார். உணவு கொள்ளலாம், தீட்டு ஒன்றுமில்லை என்றார். அன்னையாரின் திருவுடல் மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடத்தில்தான் மாத்ருபூதேசுவரர் திருக்கோயில் எழுந்து, 1949ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் வீட்டில் என்ன நடக்கிறது? இன்றோ நாளையோ என்று செய்தி பரவியதும் உறவினர் வந்து குவிகின்றனர். அறையில் காற்றுப் புக இடமில்லை. ஒருத்தி தலைமாட்டில் நின்று, "எங்களை விட்டுப் போறியே" என்று ஓங்கி அழுகின்றாள். இன்னொருவர் கால்மாட்டில் நின்று பத்திரம் எங்கே என்று மெல்ல விசாரிக்கின்றார். போகின்றவருக்குத் தம் பயத்தைச் சுமப்பதோடு நம் பயத்தையும் சுமக்க வேண்டியதாகிறது. அழக்கூடாது என்று யாம் கூறவில்லை. அழுகை அன்பின் நீர். ஆனால் அறைக்கு வெளியே வாசல் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே அழலாம்.

அடுத்தது பால் ஊற்றும் வழக்கம். மக்களும் பேரரும் வரிசையில் வந்து ஆளுக்கொரு கரண்டி பாலை வாயில் ஊற்றுகின்றனர். உயிர் இழுத்துக்கொண்டே இருந்தால், மண்ணாசை என்று மண்ணைக் கரைத்தும், பொன்னாசை என்று பொன்னை உரைத்தும் ஊற்றுகின்றனர். இவ்வழக்கத்தின் அடியில் இருப்பது அன்பே. அதை யாம் இகழவில்லை. ஆயினும் விழுங்கும் ஆற்றல் போன தொண்டையில் ஊற்றிய பால் வயிற்றுக்குப் போவதில்லை, மூச்சுக்குழலில் இறங்குகிறது. கடைசி நாழிகையில் நாம் தருவது மூச்சுத் திணறலா? தூய பஞ்சை நீரிலோ பாலிலோ நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள். வழக்கமும் நிற்கும்; வாயும் உலராது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே பசி குன்றிவிடும். சாப்பிடாததால் சாகின்றார் என்று எண்ணி மருமகளும் மகளும் கஞ்சியை வற்புறுத்திப் புகட்டுவர். உண்மை அதற்கு மறுதலை. உடல் விடைபெறத் தொடங்கியதால் உணவை வேண்டாம் என்கிறது. கேட்டால் கொடுங்கள், கேட்ட அளவு கொடுங்கள்.

வலியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நம் சைவ மேடைகளில் இதைப் பேசுவோர் குறைவு. "எல்லாம் வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று நோயாளியின் காதில் சொல்லிவிட்டுப் போகும் பெரியவர்களை யாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் பெரியபுராணத்தைத்தான் படித்தார்களா என்று ஐயுறுகின்றோம். அப்பர் பெருமான் தருமசேனர் என்ற பெயரோடு சமண மடத்தில் தலைவராய் இருந்த நாளில் சூலை நோய் அவரைப் பற்றிற்று. குடரை முறுக்கும் அவ்வலி தாளாமல் தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். அம்மையார் அம்மடத்துக்கு வரமாட்டேன் என்றார். தம்பி இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையின் காலில் விழுந்தார். அம்மையார் பழங்கதை எடுத்துத் தம்பியைக் குத்திக் காட்டவில்லை. பொறுத்துக்கொள் என்று உபதேசிக்கவும் இல்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு தந்து, விடியுமுன் வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அப்பர் வாயிலிருந்து முதற்பதிகம் எழுந்தது வலியின் நடுவில். இறைவன் முதலில் செய்த அருள் அவ்வலியை நீக்கியது. துன்புறும் உடலிடம் தத்துவம் பேசுவது நம் நெறி அன்று.

இன்று அந்தத் திருவருள் மருந்தின் வழியாகவும் வருகிறது. புற்றுநோயின் கடும்வலிக்கு மார்ஃபின் என்னும் மருந்து உண்டு. அபினியிலிருந்து எடுக்கப்படுவது என்பதால் பலர் அஞ்சுகின்றனர். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அம்மருந்து நோயாளிக்குக் கிடைப்பதையே அரிதாக்கிற்று. 2014ஆம் ஆண்டில் அதைத் திருத்தி வழியைச் சற்று எளிதாக்கினர். மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் உயிரை விரைவில் பறிப்பதன்று. வலிக்காக முறையாக உண்பவர் அதற்கு அடிமையாதலும் அரிது. வலி வந்தபின் கொடுப்போம் என்று காத்திராமல், மருத்துவர் குறித்த மணிக்குக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மேடையில் நின்று மலச்சிக்கலைப் பற்றிப் பேசுகின்றாரே என்று நகைக்கின்றீர்கள். படுக்கையில் கிடப்பவருக்கு அது நகைப்பன்று.

இலண்டனில் சிசிலி சாண்டர்சு என்ற அம்மையார் 1967ஆம் ஆண்டு செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். செவிலியாகவும், சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னர் மருத்துவமும் பயின்றவர் அவர். இறப்பவரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்தில் உண்டு, குடும்பக் கவலையில் உண்டு, உயிரின் தேடலிலும் உண்டு என்று அவர் கண்டார். நம் நாட்டில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர்களும் பொதுமக்களும் கூடி வலி தணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். கேரளத்தில் ஊர் மக்களே முறைவைத்து நோயாளி வீடுகளுக்குச் சென்று வரும் அளவுக்கு அது வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. கேட்டுப் பெறுங்கள். கேட்பதில் இழிவு இல்லை.

அடுத்தது உண்மையைச் சொல்லுவதா மறைப்பதா என்பது. திங்களூர் அப்பூதியடிகள் வரலாற்றை நினையுங்கள். அப்பர் பெருமானுக்கு அமுது படைக்க வாழைக் குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டிற்று. இலையைத் தாய் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளை விழுந்தான். அடியாரின் திருவமுது தடைப்படலாகாது என்று தாயும் தந்தையும் உடலை மறைத்து வைத்தனர். எத்துணைப் பெரிய அன்பு! ஆயினும் மறைப்பு நிலைத்ததா? திருநீறு அளிக்கும்போது, மூத்த மகன் எங்கே என்று அப்பர் கேட்டார். அவருள்ளம் ஏதோ தடுமாறிற்று. உண்மையைச் சொல்லச் செய்தார். ஒரு வேளை விருந்துக்கு வந்தவரிடமே மறைக்க முடியவில்லை. தன்னுடைய உடலிலேயே இறப்பை உணர்ந்துகொண்டிருப்பவரிடம் நாம் மறைத்துவிட முடியுமா? (இடையே ஒன்று: அன்று திருப்பதிகத்தால் விடம் நீங்கியது. இன்று நம் வீட்டில் பாம்பு கடித்தால் மந்திரிக்க உட்காராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். விடமுறி மருந்து அங்கேதான் இருக்கிறது.)

இதே சேர்வராயன் மலையில், ஊர்ப்பெயர் வேண்டா, காப்பித் தோட்டத்தில் நெடுங்காலம் மேஸ்திரியாக இருந்த பெரியவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். வயிற்றில் புற்று. வயிற்றுப்புண் என்றே பிள்ளைகள் அவரிடம் சொல்லி வைத்திருந்தனர். வாசலிலேயே எம்மை நிறுத்தி, "ஐயா, அவருக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள்" என்று வேண்டிக்கொண்டனர். உள்ளே சென்றோம். பிள்ளைகள் தேநீர் கொண்டுவர அப்பால் சென்றதும் பெரியவர் எம் கையைப் பற்றினார். "சாமி, இது என்னைக் கொண்டுபோய்விடும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தால் உடைந்துபோவார்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்" என்றார். ஒரே கூரையின் கீழ் இரு தரப்பாரும் ஒருவர்க்கொருவர் நாடகம் ஆடிக்கொண்டு, ஒருவருக்கும் துணையில்லாமல் இருந்தனர். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக்கொடியை அந்த ஆண்டு யார் பறிப்பது, கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு, பல்லாண்டாகப் பேசாமல் இருக்கும் மகள் வருவாளா என்பனவெல்லாம் அவர் நெஞ்சில் அடைபட்டுக் கிடந்தன.

யாம் இரகசியத்தை உடைக்கவில்லை. மூத்த மகனை அழைத்து, "அப்பா உன்னிடம் பேச வேண்டுமாம், உட்கார்" என்று மட்டும் சொல்லி வெளியே வந்து திண்ணையில் அமர்ந்தோம். நெடுநேரம் கழித்து மகன் கண் சிவந்து வெளியே வந்தான். மறுநாள் சேலத்திலிருந்து மகள் வந்தாள். அவர் அதன்பின் பதினெட்டு நாள்கள் இருந்தார். வீட்டார் பின்னாளில் அவரைப் பற்றிப் பேசியதெல்லாம் அந்தப் பதினெட்டு நாள்களைப் பற்றியே.

உண்மையைச் சொல்லுங்கள் என்றால், போய்த் தலையில் கல்லைப் போடுவதுபோல் போடச் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அவர் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுங்கள். கேளாததை அவர்மேல் திணிக்க வேண்டா. "நன்றாகிவிடும், நீங்கள் நூறு வயது இருப்பீர்கள்" என்று சொல்லி அவர் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். 1969ஆம் ஆண்டு எலிசபெத் கூப்ளர் ராசு என்ற மருத்துவ அம்மையார், இறப்பவர்களிடமே பேசிக் கேட்டு ஒரு நூல் எழுதினார். மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றல் என்று அவர்கள் மனநிலை ஐந்தை அதில் காட்டினார். அதைப் படிக்கட்டுப்போல் எண்ணி, அப்பா இப்போது எந்தப் படியில் இருக்கிறார் என்று பார்ப்பவர்கள் உண்டு. அது வேண்டாத வேலை. காலையில் ஏற்றவர் மாலையில் சினப்பார். சினம் உங்கள்மேல் பாய்ந்தால் அது உங்களுக்குரியதன்று என்று தெரிந்தால் போதும்.

கடைசி நாள்களின் அடையாளங்களை அறிந்திருந்தால் அச்சம் பாதி குறையும். உறக்கம் மிகும். கைகால் குளிரும், நிறம் மாறும். மூச்சு சற்று நின்று மீண்டும் வரும். தொண்டையில் களகளவென்று ஒலி எழும். கேட்பவருக்குத்தான் அது கொடிது, அந்நிலையில் உள்ளவருக்குப் பெரும்பாலும் அவ்வளவு துன்பமில்லை என்று மருத்துவர் கூறுவர். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் ஒலி தணியும். இறந்துபோன தாயை அழைப்பார்; "வீட்டுக்குப் போகலாம்" என்று வீட்டிலிருந்தே சொல்லுவார். மறுத்து வாதிடாதீர்கள். செவிப்புலன் கடைசிவரை இருக்கக்கூடும். நினைவிழந்து கிடந்தவர் சிலரின் மூளை அலைகள் ஒலிக்கு அசைந்ததைக் கனடா நாட்டில் 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. காதில் திருவைந்தெழுத்தை ஓதும் நம் முன்னோர் வழக்கம் எத்துணைப் பொருளுடையது பாருங்கள்! காசியில் இறப்பவர் செவியில் பெருமானே மந்திரம் ஓதுவான் என்பது நம்பிக்கை. அண்ணாமலையையோ நினைத்தாலே முத்தி என்பர். கரடியூர்க் கட்டிலில் கிடப்பவர் காசிக்குப் போக வேண்டியதில்லை. பேரப்பிள்ளை அருகிலமர்ந்து மெல்லச் சொன்னால் போதும். மெல்ல என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வேண்டா.

இருபது வளைவுகளுக்குத் திரும்புவோம். நள்ளிரவில் மூச்சு மாறுகிறது. வண்டியைப் பிடித்துக் கீழே கொண்டுபோவதா? தீரக்கூடிய நோய்க்கு ஒரு கணமும் தாமதிக்கலாகாது. நெஞ்சுவலிக்கும் விபத்துக்கும் பேற்றுக்கும் ஓட வேண்டும். மருத்துவர் முன்னரே முடிவைச் சொல்லிவிட்ட நோயாளியை, தெரிந்த முகங்களையும் தெரிந்த கூரையையும் விட்டுப் பிரித்து, வளைவுக்கு வளைவு உருட்டிக்கொண்டு சென்று வழியில் உயிர் போகவிடுவது யார்க்கு நன்மை? ஊரார் ஏதேனும் சொல்லிவிடுவர் என்ற அச்சத்தாலேயே பலர் அங்ஙனம் செய்கின்றனர். ஆதலின் அந்த இரவு வருமுன் பேசி வையுங்கள். அவரையே கேளுங்கள். மாண்போடு இறத்தலும் வாழும் உரிமையின் பகுதி என்று 2018ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நினைவு இருக்கும்போதே, பயனற்ற செயற்கைச் சிகிச்சை எனக்கு வேண்டா என்று ஒருவர் எழுதி வைக்கலாம். 2023ஆம் ஆண்டு அதன் நடைமுறையை எளிதாக்கினர். இரு சாட்சிகளுடன், நோட்டரியோ அரசிதழ் பதிவுபெற்ற அலுவலரோ சான்றளித்தால் போதும்.

இங்கே ஒரு கண்டிப்பான சொல். இதைக் கேட்டு எவரும் தலைக்கூத்தலுக்கு நியாயம் தேடக்கூடாது. நம் தென்மாவட்டங்களில், படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்நீராட்டி, இளநீர் புகட்டி உயிரை முடிக்கும் அக்கொடுமைக்கு அப்படியொரு பெயர். தானே வரும் இறப்புக்கு வழிவிடுவதும், இழுத்துவந்து இறப்பிப்பதும் இருவேறு செயல்கள். முன்னது பொறுமை. பின்னது கொலை. அதைச் செய்யும் வீடுகளில் எல்லாம் கல்நெஞ்சர்களே இருக்கின்றார்கள் என்றும் யாம் கூறமாட்டோம். வறுமையும், தனியே பார்த்துக்கொள்ளும் களைப்பும் அங்கே இருக்கின்றன. ஆகவே கொலையைக் கண்டிக்கும் ஊர், அக்களைப்பையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

களைப்பு என்றோமே, அது யாருடையது? பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு பெண்ணுடையது. மகளோ, மருமகளோ, மனைவியோ. மலம் அள்ளுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், முதுகில் புண் வராமல் துடைப்பதும், இரவில் விழித்திருப்பதும் அவள். பார்க்க வருகின்ற நாம் பழம் வாங்கிக்கொண்டு வந்து, நாற்காலியில் அமர்ந்து, அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "நன்றாகப் பார்த்துக்கொள் அம்மா" என்று புத்தி சொல்லிவிட்டுப் போகின்றோம். அடுத்த முறை பழம் வேண்டா. "நீ போய் இரண்டு மணி நேரம் தூங்கு, நான் உட்கார்ந்திருக்கின்றேன்" என்று சொல்லுங்கள். சிவபூசையில் அதையும் ஓர் அங்கமாகக் கொள்ளலாம் என்பது எம் துணிபு.

தாயின் அருகில் அமர்ந்த அம்மகரிஷிக்கும் ஒரு முறை வந்தது. 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடக்கையில் முழங்கைக்குக் கீழே சிறு கட்டி தோன்றிற்று, அறுத்தும் மீண்டும் வளர்ந்தது, புற்று என்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு முறை அறுவை நடந்தது. சூழ்ந்திருந்தோர் கலங்கினர். கலங்கியவர்களுக்கு ஆறுதல் சொன்னவர் நோயாளியே. வந்தவர்கள் தம்மைக் காண்பதை அவர் கடைசிவரை தடுக்கவில்லை. இறுதி நாள்களில், உடம்பு பிடித்துவிட்ட தொண்டரிடம், ஆங்கிலேயர் நன்றி சொல்லும் சொல்லை எடுத்துக் கூறி, நாம் அதைச் சந்தோஷம் என்போம் என்று சொன்னாராம். பணிவிடை செய்பவரின் காதில் விழ வேண்டிய சொல் அதுவன்றோ!

1950ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் மாலையில் தம்மை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார். மருத்துவர் பிராணவாயு கொடுக்க முனைந்தபோது வலக்கையால் வேண்டா என்று விலக்கினார். வெளித் தாழ்வாரத்தில் இருந்த அடியார்கள், அவர் இளமையில் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். அவர் கண்கள் ஒரு கணம் திறந்து ஒளிர்ந்தன. கடைக்கண்ணில் நீர் வழிந்தது. ஒரு நெடுமூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காகத் தொண்டர்கள் காத்திருந்தனர். அப்போது இரவு மணி 8.47.

திருச்சிற்றம்பலம்.